மாணவர் மடிக்கணினிக்கு எந்த லினக்ஸ்?



என் கடைக்கு வரும் தோட்டத்துப் பெற்றோர் சிலர் அண்மையில் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: "பிள்ளையின் மடிக்கணினி பழசாகிவிட்டது, புதிது வாங்கத்தான் வேண்டுமா?" 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கு வழக்கமான ஆதரவு நின்றுவிட்டது. பழைய கணினிகள் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. ஆனால் இயந்திரம் நன்றாக இருக்கும்போது, சிறுகச் சிறுகச் சேர்த்த வெள்ளியைக் கொட்டிவிட வேண்டியதில்லை. லினக்ஸ் இருக்கிறது; அதற்கு விலையுமில்லை.

1991இல் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் அதை ஆரம்பித்தார். அவர் எழுதியது கரு மட்டுமே. அதனுடன் வேண்டிய செயலிகளைச் சேர்த்துப் பலர் பல பெயர்களில் தருகிறார்கள். இவற்றையே விநியோகங்கள் என்பர். அரிசி ஒன்று, மூட்டைகள் பல என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த மூட்டை நல்லது என்பதைவிட, நம் வீட்டுக்கு எது ஏற்றது என்பதே கேள்வி.

கவனிக்க வேண்டியவை நான்கு.

முதலாவது, நினைவகம். 4 ஜிபி உள்ள பழைய கணினிக்கு லினக்ஸ் மின்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு பொருந்தும். அதிலும் குறைவானால் லுபுண்டுவைப் பார்க்கலாம். 8 ஜிபி இருந்தால் மின்டின் சின்னமன் பதிப்போ உபுண்டுவோ தாராளமாக ஓடும்.

இரண்டாவது, ஆதரவுக் காலம். உபுண்டுவின் நீண்டகாலப் பதிப்புகளுக்கு ஐந்தாண்டுகள் திருத்தங்கள் வரும். மின்ட் 22க்கு 2029 வரை வரும். மாதந்தோறும் மாறும் புதுமைகள் ஆரம்ப மாணவருக்கு வேண்டாம்.

மூன்றாவது, பள்ளித் தேவை. டெலிமா போன்ற இணையப் பாடங்கள் உலாவியிலேயே திறக்கும். கட்டுரைக்கு லிப்ரெஆபீஸ் உண்டு. தமிழ்99 விசைப்பலகையும் சேர்க்கலாம். விண்டோஸில் மட்டுமே ஓடும் செயலியை ஆசிரியர் கேட்கிறாரா என்று முன்பே விசாரியுங்கள்.

நான்காவது, அருகில் உதவி. பக்கத்து லயத்துப் பையன் மின்ட் வைத்திருந்தால், நீங்களும் மின்டே வையுங்கள். சிக்கல் வரும் இரவில் புகழ்பெற்ற பெயரைவிட அவனே உதவுவான்.

தமிழ்நாட்டில் 2011இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் கொடுக்கப்பட்டது. பழையதை வைத்துக்கொண்டே புதியதைப் பழகலாம் என்பது அதில் நமக்குள்ள பாடம். நீங்களும் விநியோகத்தைப் பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கணினியை இயக்கிப் பாருங்கள். வைஃபை, ஒலி, கேமரா, தமிழ் எழுத்து நான்கையும் சோதியுங்கள். இதனால் உள்ளே இருப்பது அழியாது.

இதை நான் நஷ்டப்பட்டே கற்றேன். சென்ற ஆண்டு, "சீக்கிரம் முடி" என்று மகனை நான் அவசரப்படுத்தினேன். அவன் பிரதி எடுக்காமலேயே வட்டு முழுவதையும் அழிக்கும் கட்டளையை அழுத்திவிட்டான். ஐந்தாம் படிவத்துக்காக அவன் எழுதி வைத்திருந்த குறிப்புகள் அத்தனையும் போயின. பிள்ளை ஒன்றும் பேசவில்லை. மறுநாள் நோட்டை எடுத்து முதலிலிருந்து எழுத உட்கார்ந்தான். குற்றம் அவனுடையதன்று, என்னுடையது.

ஆகவே முதலில் பிரதி, பிறகு சோதனை, கடைசியில் நிறுவுதல். இந்த வரிசையை மாற்றாதீர்கள். பழைய கணினியும் பிள்ளையின் படிப்பைக் கரைசேர்க்கும்.