மருத்துவ நூலகரும் ஆராய்ச்சி இலக்கியத் தேடலும்

2001ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஆஸ்துமா பற்றிய ஓர் ஆராய்ச்சியில் தாமாக முன்வந்து கலந்துகொண்ட 24 வயதுப் பெண் ஒருவர் உயிரிழந்தார். நல்ல உடல்நலம் உடைய அவருக்கு ஹெக்ஸமெத்தோனியம் என்னும் மருந்து மூச்சின் வழியாகச் செலுத்தப்பட்டிருந்தது. ஆராய்ச்சியைத் தொடங்குமுன் மருத்துவ இலக்கியம் தேடப்படாமல் இல்லை. ஆயினும் தேடப்பெற்ற பப்மெட் தரவுத்தளம் அந்நாளில் 1966க்குப் பிற்பட்ட கட்டுரைகளையே கொண்டிருந்தது. அம்மருந்து நுரையீரலுக்கு ஊறு விளைவிக்கக்கூடும் என்னும் செய்தியோ 1950களின் இதழ்களில் இருந்தது. அச்சில் வந்திருந்தும் உரியவர் கைக்கு எட்டாத அறிவு, இல்லாத அறிவுக்கே ஒப்பாகும். மருத்துவ நூலகரின் பணி எத்தகைய பொறுப்புடையது என்பதற்கு இந்நிகழ்ச்சி சான்றாகும்.

வளர்ச்சி வரலாறு

மருத்துவக் கட்டுரைகளைப் பொருள்வாரியாகத் தொகுக்கும் முயற்சி நெடுங்காலமாக நடைபெற்று வருகிறது. 1879இல் ஜான் ஷா பில்லிங்ஸ் என்பவர் 'இண்டெக்ஸ் மெடிக்கஸ்' என்னும் அட்டவணை இதழை அமெரிக்காவில் தொடங்கினார். கட்டுரைகளுக்குச் சீரான பொருள் தலைப்புகளை அளிக்கும் 'மெஷ்' என்னும் சொற்பட்டியல் 1960இல் வெளிவந்தது. 1964இல் கணிப்பொறி இப்பணியில் புகுந்தது. 1971இல் மெட்லைன் தொடங்கியது. 1997இல் பப்மெட் வழியாக அது உலகோர் அனைவர்க்கும் கட்டணமின்றிக் கிடைத்தது. இன்று பப்மெட்டில் 3.5 கோடிக்கும் மேற்பட்ட பதிவுகள் உள்ளன. மெட்லைனின் பதிவுகளும் பின்னோக்கி 1946 வரை நீட்டப்பட்டுள்ளன.

திருவனந்தபுரம் தரும் எடுத்துக்காட்டு

திருவனந்தபுரத்தில் 1951இல் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கப்பெற்றது. ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்பக் கழகம் 1980இல் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம் ஆயிற்று. இந்நகரின் மருத்துவர்கள் நெடுநாள் ஆராய்ந்த நோய்களுள் ஒன்று என்டோமையோகார்டியல் ஃபைப்ரோசிஸ். இதயத்தின் உட்சுவர் தடித்து நார்போல் இறுகிவிடுவதால் அறைகள் விரிந்து குருதியை ஏற்க இயலாத நிலை இந்நோயில் உண்டாகிறது. உகாண்டாவில் ஜே. என். பி. டேவிஸ் என்பவர் 1948இல் இதனை விவரித்தார். பின்னர் நைஜீரியா, பிரேசில், கேரளம் ஆகிய இடங்களிலும் இது மிகுதியாகக் காணப்பட்டது. கேரளக் கடற்கரையின் மோனசைட் மணலில் உள்ள சீரியம் என்னும் தனிமத்திற்கும் இந்நோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்ற கருதுகோளை டாக்டர் எம். எஸ். வலியத்தானும் உடன் ஆராய்ந்தோரும் முன்வைத்தனர். அண்மைப் பத்தாண்டுகளில் கேரளத்தில் இந்நோய் பெரிதும் குறைந்துவிட்டது.

'கேரளத்தில் இந்நோய்க்குச் சீரியம் காரணமா?' என்று ஒரு முதுநிலை மாணவர் நூலகரை அணுகுவதாகக் கொள்வோம். நூலகர் செய்ய வேண்டுவன யாவை?

வினாவைப் பகுத்தல்

முதலாவதாக, வினாவின் எல்லை தெளிவாக வேண்டும். மாணவருக்கு வேண்டியது ஓரிரு நல்ல கட்டுரைகளா, இதுவரை வெளிவந்த அனைத்துமா என்பதை நூலகர் கேட்டறிகிறார். அதன்பின் வினாவைக் கூறுகளாகப் பிரிக்கிறார். நோயாளி, தலையீடு, ஒப்பீடு, விளைவு என நான்காகப் பகுப்பது மருத்துவத்தில் வழக்கம். இதனைப் 'பிகோ' முறை என்பர். காரணத்தை ஆராயும் வினாக்களில் தலையீடு இருக்கும் இடத்தில் நோய்க்காரணி வைக்கப்படுகிறது. ஒரு பொருளை அதன் முகங்களாகப் பகுத்துக் காணும் இத்தகைய சிந்தனை தமிழ்நாட்டிற்குப் புதிதன்று. சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகராக விளங்கிய எஸ். ஆர். ரங்கநாதன் 1933இல் வெளியிட்ட கோலன் பகுப்புமுறை இவ்வடிப்படையில் அமைந்ததேயாகும்.

சொற்களைத் திரட்டுதல்

இரண்டாவது படி, ஒவ்வொரு கூறுக்கும் உரிய சொற்களைத் திரட்டுவது. இந்நோய்க்கு மெஷ் பட்டியலில் தனித் தலைப்பு உண்டு. ஆசிரியர் எந்தச் சொல்லை ஆண்டிருப்பினும் அத்தலைப்பின் கீழ்க் கட்டுரைகள் ஒன்றுசேரும். எனினும் அதனை மட்டும் நம்புதல் போதாது. புதிய கட்டுரை சிலவற்றிற்குத் தலைப்பு இடப்படாமலிருக்கலாம். சிலவற்றிற்கு 'இதயத்தசை நோய்கள்' என்ற பொதுத்தலைப்பே இடப்பட்டிருக்கலாம். எனவே கட்டுரைத் தலைப்பிலும் சுருக்கத்திலும் வரும் இயல்பான சொற்களையும் நூலகர் சேர்த்துக்கொள்கிறார். ஆங்கில எழுத்துக்கூட்டல் பிரிட்டனில் ஒருவகை, அமெரிக்காவில் வேறுவகை. 'அனீமியா' என்பதனை இரு வகையாகவும் இட்டுத் தேடினாலன்றி ஒரு பகுதி விடுபடும்.

இடப்பெயர்களில் இவ்விடர் இன்னும் மிகுதி. இந்நகரின் ஆங்கிலப் பெயர் 1991இல் 'ட்ரிவாண்ட்ரம்' என்பதிலிருந்து 'திருவனந்தபுரம்' என மாற்றப்பட்டது. புதிய பெயரை மட்டும் இட்டுத் தேடுபவர், இந்நோய் பரவியிருந்த காலத்தில் எழுதப்பட்ட கட்டுரைகள் பலவற்றை இழப்பார். மேலும் 1956க்கு முற்பட்ட கட்டுரைகளில் மாநிலத்தின் பெயர் கேரளம் அன்று. திருவிதாங்கூர் அல்லது திருவிதாங்கூர்-கொச்சி என்றே இருக்கும். சென்னை குறித்துத் தேடுவோரும் 'மெட்ராஸ்' என்பதனை மறத்தலாகாது.

இணைத்தலும் அளவிடலும்

ஒரே கூறைக் குறிக்கும் சொற்களை 'அல்லது' என்ற பொருளுடைய 'ஆர்' என்னும் இணைப்பாலும், வெவ்வேறு கூறுகளை 'மற்றும்' என்ற பொருளுடைய 'அண்ட்' என்னும் இணைப்பாலும் சேர்ப்பர். முன்னது வலையை விரிக்கும், பின்னது சுருக்கும். விலக்கும் சொல்லாகிய 'நாட்' வேண்டிய கட்டுரையையும் தள்ளிவிடக்கூடும் ஆதலின், அருகியே கையாளத் தக்கது.

தேடலின் தரத்தை இரு அளவைகளால் அறியலாம். ஒரு பொருள் பற்றி 40 கட்டுரைகள் உள்ளன என்றும், தேடலில் கிடைத்த 200 பதிவுகளுள் அவற்றில் 36 இருந்தன என்றும் கொள்வோம். மீட்பு 90 விழுக்காடு. துல்லியம் 18 விழுக்காடு. பொதுவாக ஒன்றை உயர்த்த முயன்றால் மற்றொன்று குறையும். விரைந்து முடிவெடுக்க வேண்டிய மருத்துவருக்குத் துல்லியம் முதன்மையானது. கொள்கை வகுப்பதற்கான முழு மீளாய்வுக்கு மீட்பே முதன்மையானது. அங்கே 164 தேவையற்ற பதிவுகளைப் படித்துத் தள்ளும் உழைப்பு வீணன்று.

ஒரு தளம் போதாது

மெட்லைனில் இடம்பெறாத இதழ்கள் பல. பிரேசில் கட்டுரைகளுக்கு இலத்தீன் அமெரிக்கத் தளமாகிய லிலாக்ஸும், உகாண்டா, நைஜீரியா நாடுகளுக்கு ஆப்பிரிக்க அட்டவணையும், தென்கிழக்கு ஆசியாவிற்கு உலக சுகாதார நிறுவனத்தின் வட்டார அட்டவணையும் உதவும். மருத்துவச் சோதனைகள் குறித்த வினாவாயின், 2007இல் தொடங்கிய இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டையும் பார்த்தல் வேண்டும். வெளியிடப்படாத சோதனைகளின் தடயம் அங்கே கிடைக்கும். கிடைத்த நல்ல கட்டுரைகளின் மேற்கோள் பட்டியலைப் பின்தொடர்வதும் பயன்தரும். இறுதியாக, எந்தத் தளத்தில், எந்த நாளில், எந்தச் சொற்களால் தேடப்பட்டது, எத்தனை பதிவுகள் கிடைத்தன என்பன எழுதிவைக்கப்பட வேண்டும். பிறர் அதே தேடலைத் திரும்பச் செய்து சரிபார்க்க இயலாவிடில் அது அறிவியல் முறை ஆகாது. இப்பதிவுக்கென 2021இல் பிரிஸ்மா-எஸ் என்னும் நெறிமுறை வெளியிடப்பட்டுள்ளது. வினாவிற்கு உடனே விடை எழுதித்தரும் இன்றைய கணினிச் செயலிகள் இல்லாத கட்டுரைகளையும் மேற்கோளாகக் காட்டிவிடுவதுண்டு. எனவே மூலத்தைத் திறந்து பார்க்கும் வழக்கம் முன்னிலும் இன்றியமையாததாகிறது.

அரசின் முயற்சியும் எஞ்சிய பணியும்

காக்ரேன் நூலகத்தை நாட்டு மக்கள் அனைவரும் கட்டணமின்றிப் படிக்க 2007இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வழிசெய்தது. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தது. 2025 முதல் மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் செலவில், 30 பதிப்பாளர்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள், மத்திய, மாநில அரசுகளின் உயர்கல்வி நிறுவனங்களுக்கும் மத்திய அரசின் ஆராய்ச்சி நிறுவனங்களுக்கும் கிடைக்க இத்திட்டம் வகைசெய்கிறது.

இதழை வாங்குவது முதற்படி மட்டுமே. வாங்கிய இதழிலிருந்து வேண்டிய கட்டுரையைக் கண்டெடுக்கும் திறன் பரவாவிடில் இம்முதலீட்டின் பயன் முழுமையடையாது. மருத்துவக் கல்லூரிகள் தேடல் முறையைப் பாடத்தின் ஒரு பகுதியாக்குவதும், ஆராய்ச்சித் திட்டங்களை ஆராயும் நெறிமுறைக் குழுக்கள் தேடற்பதிவைக் கேட்டுப் பெறுவதும், மாவட்ட மருத்துவமனை, ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களின் வினாக்களுக்கு அருகிலுள்ள கல்லூரி நூலகர் விடைதேடித் தருவதும் பெருஞ்செலவு வேண்டாத சீர்திருத்தங்கள். படிப்போரின் காலத்தை மிச்சப்படுத்துவது நூலகத்தின் கடமை என 1931இலேயே ரங்கநாதன் விதித்தார். மருத்துவத்துறையில் அவ்வாறு மிச்சமாகும் காலம் நோயாளியின் உயிர்காக்கும் காலமாகவும் அமையும்.