உள்ளூர்க்காரருக்கு இறுதிச்சுற்று இலவசம்!

என் அக்கா மகள் பனிமய மாதா திருவிழாவில் பாடி வளர்ந்தவள். இப்போது சுவிட்சர்லாந்தில் குடியிருக்கிறாள். 2025இல் யூரோவிஷன் பாட்டுப் போட்டியை நடத்தியதே அந்த நாடுதான். போட்டி நடத்தும் நாடு தன் பாடகரை எப்படித் தேர்ந்தெடுக்கிறது? அவளுக்கு வாய்ப்பு உண்டா?
– ஒரு வாசகி, தூத்துக்குடி

தாராளமாக உண்டு, அம்மா. போட்டியை நடத்துவதால் தேர்வு முறை மாறிவிடாது. அரையிறுதி இல்லாமல் நேரே இறுதிச்சுற்றுக்குப் போகலாம், அவ்வளவுதான் சலுகை. ஆளைப் பொறுக்குவது அந்தந்த நாட்டு ஒளிபரப்பு நிறுவனம். சுவீடன் ‘மெலோடிஃபெஸ்டிவாலன்’ என்று ஊரறியப் போட்டி வைத்து, மக்களையும் வாக்களிக்க வைக்கிறது. சுவிட்சர்லாந்தின் எஸ்.ஆர்.ஜி. நிறுவனமோ வந்த பாடல்களை ரசிகர் குழுவிடமும் வெளிநாட்டு நடுவர்களிடமும் கொடுத்து, சத்தமில்லாமல் முடிவெடுக்கிறது. பாசல் நகரில் சொந்த மண்ணில் பாடிய ஸோயி மே அப்படி வந்தவர்தான். நடுவர்கள் 214 புள்ளிகளை அள்ளிக் கொடுத்தார்கள். மக்கள் வாக்கில் கிடைத்தது பூஜ்யம். கடைசியில் 10ஆம் இடம். சொந்த ஊர் என்று யாரும் இரக்கப்படுவதில்லை!

குடியுரிமையை நினைத்துக் கலங்க வேண்டாம். 1988இல் சுவிட்சர்லாந்துக்கு வெற்றி தேடித் தந்த செலின் டியான் கனடாக்காரர். வயது 16 நிரம்பியிருக்க வேண்டும், பாட்டு புதிதாக இருக்க வேண்டும், 3 நிமிடத்தைத் தாண்டக் கூடாது, மேடையில் 6 பேருக்கு மேல் நிற்கக் கூடாது. 1999 முதல் எந்த மொழியிலும் பாடலாம், தமிழுக்கும் தடையில்லை. எஸ்.ஆர்.ஜி. பாடல்களைக் கேட்டு அறிவிப்பு வெளியிடும்போது அனுப்பிவிடச் சொல்லுங்கள். திருவிழா மேடை மாதிரி நீட்டி முழக்காமல் இருந்தால் சரி!