சூட்டோடு சேரும் பிளாஸ்டிக்

மனித ரத்தத்திலும் நஞ்சுக்கொடியிலுங்கூட நுண்ணிய பிளாஸ்டிக் துகள்கள் காணப்பட்டுவிட்ட இக்காலத்தில், அவற்றை அறவே விலக்குதல் அசாத்தியமாயினும், அவை பிரவேசிக்கும் வழிகளைக் குறைத்தல் நம் கையில்தான் இருக்கிறது.

1. கொதிக்கும் சாம்பாரையோ ரசத்தையோ ஹோட்டலிலிருந்து வாங்கிவர நேரின், பாலிதீன் பையில் கட்டித்தரச் சம்மதியாமல், வீட்டிலிருந்தே எவர்சில்வர் தூக்கு கொண்டுசெல்லுங்கள். துகள்களை உதிர்ப்பதில் உஷ்ணமே பிரதானம்.

2. காகிதக் கோப்பை சுத்தமானதென்று எண்ணி ஏமாறாமல், தேநீரைக் கண்ணாடி கிளாஸிலேயே கேட்டு அருந்துங்கள். கோப்பையின் உட்புறப் பூச்சும் பிளாஸ்டிக்கே, அதில் 100 மில்லி வெந்நீர் 15 நிமிஷம் நின்றால் சுமார் 25,000 துகள்கள் கலப்பதாகக் கரக்பூர் ஐ.ஐ.டி. ஆராய்ச்சியாளர் 2020-இல் கண்டனர். (கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்!)

3. கடின நீராயின், நன்கு கொதிக்கவைத்து, ஆறியபின் வடிகட்டிக் குடியுங்கள். படியும் சுண்ணம் துகள்களையும் பற்றிக்கொள்ளும்.

4. பிளாஸ்டிக் பலகைமேல் காய் நறுக்காமல் அரிவாள்மணைக்கே திரும்புங்கள். கத்தி படுந்தோறும் பலகை உதிர்கிறது.

5. தரையை வெறுமனே பெருக்குவதோடு நில்லாமல் ஈரத்துணியால் துடையுங்கள். பாலியெஸ்டர் ஆடைகளின் இழைத்துணுக்குகள் தூசியோடு கிளம்பிச் சுவாசத்தில் கலக்கின்றன.