தவளைத் தோலும் உப்புக் கணக்கும்

ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் பட்டாபிராமில் பாடம் நடத்துவோர் ஆசிரியைகள் மட்டுமல்லர்; மைதானத்து ஓரம் தேங்கும் நீரிலிருந்து தவளைகளும் தம் பங்குக்குக் குரல் கொடுக்கும். அப்படியொரு நாளில் விலங்கியல் வகுப்பில் சிஸ்டர் எங்களைக் கேட்டார்: "தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை, தோலால்தான் உறிஞ்சுகிறது. இரவும் பகலும் நீரில் கிடக்கும் அது ஏன் ஊதிப்போவதில்லை?" சிறுநீராய்ப் போய்விடும் என்றாள் எங்களில் ஒருத்தி. "சரி, அதோடு உப்பும் போகுமே. அதை எப்படி ஈடு செய்கிறது?" என்றார் சிஸ்டர். நாங்கள் விழித்தோம். அந்த இரண்டாம் கேள்விக்கு விடை தேடியதன் பயனே இக்கட்டுரை.

மருத்துவமனையில் ஏற்றும் சலைன் பாட்டிலில் 0.9 சதவீதம் என்று அச்சிட்டிருப்பதைப் பெற்றோர்கள் கண்டிருப்பீர்கள். நம் இரத்தத்தின் உப்புக்கு ஒத்த அளவு அது. தவளைக்கு அது சற்றுக் குறைவு, சுமார் 0.65. மழைக் குட்டையிலோ உப்பு ஏறக்குறைய இல்லை. ஆகவே சவ்வூடு பரவல் விதிப்படி நீர் உள்ளே புகுந்துகொண்டும், உப்பு வெளியே கசிந்துகொண்டும் இருக்க வேண்டும். (தவளை மேல் உப்புத் தூவி வேடிக்கை பார்க்கும் சிறுமியர் கவனிக்க: அப்போது நடப்பது இதற்கு நேர்மாறு. தோல் வழியே அதன் உடல் நீர் வெளியே இழுக்கப்படுகிறது.) ஆனால் தவளை விதியை எதிர்த்து நிற்கிறது. உப்பை இழந்த தவளை, மிக மிக நீர்த்த உப்புக் கரைசலிலிருந்தும் தோல் வழியே உப்பை எடுத்துக்கொள்கிறது என்று டென்மார்க்கைச் சேர்ந்த ஆகஸ்ட் குரோக் 1937-ல் காட்டினார்.

எப்படி எடுக்கிறது என்பதை அளந்தவர் அவர் வழிவந்த ஹான்ஸ் உசிங். அவருடைய சோதனை எங்களை மிகவும் கவர்ந்தது. உயிரற்ற தவளையின் தோலில் ஒரு துண்டை எடுத்து, இரு சிறு அறைகளுக்கு நடுவே திரைபோல் பொருத்தினார். இரு பக்கமும் ஒரே உப்புக் கரைசல். எனவே உப்பு தானாக ஒரு பக்கம் ஓடக் காரணமே இல்லை. ஆயினும் தோலின் இரு பக்கங்களுக்கிடையே மின்னழுத்தம் தோன்றியது. உடலைப் பார்த்த பக்கம் நேர்மின். வெளியிலிருந்து மின்சாரம் செலுத்தி அந்த அழுத்தத்தைச் சரியாகச் சுழியாக்கினார். அதற்குத் தேவைப்பட்ட மின்னோட்டத்தையும், கதிரியக்கச் சோடியத்தைக் கொண்டு கணக்கிட்ட சோடியத்தின் நிகர ஓட்டத்தையும் ஒப்பிட்டால் இரண்டும் ஒன்றே! உசிங்கும் செரானும் இதை வெளியிட்ட ஆண்டு 1951. அது முதல், மின்னோட்டமானியின் முள்ளைப் பார்த்தே உப்பின் போக்கைப் படிக்க முடிந்தது.

தோல் செல்லுக்கு இரண்டு வாசல்கள் உண்டு. வெளி வாசல் சோடியம் மட்டும் நுழையும் குறுகிய வழி. உள் வாசலில் ஒரு பம்பு இருக்கிறது. அது 3 சோடியம் அயனிகளை உடலுக்குள் தள்ளி, 2 பொட்டாசியம் அயனிகளைச் செல்லுக்குள் இழுக்கிறது. இறைக்க இறைக்கக் கிணற்றில் ஊற்று சுரப்பதுபோல, பம்பு இறைப்பதால் செல்லில் சோடியம் குறைய, வெளி வாசல் வழியே மேலும் நுழைகிறது. இந்தப் பம்பை 1957-ல் நண்டின் நரம்பில் கண்டறிந்த ஜென்ஸ் ஸ்கூவுக்கு 40 ஆண்டுகள் கழித்து நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

வாசலை எவ்வளவு திறப்பது என்று கட்டளையிடுபவை ஹார்மோன்கள். பிட்யூட்டரியிலிருந்து வரும் வாசோடோசின் சில நிமிடங்களில் வேலை செய்யும். நீரையும் சோடியத்தையும் சேர்த்து உள்ளே விடும். அட்ரினல் தரும் ஆல்டோஸ்டீரோன் நிதானமானது. அது செல்லின் உட்கருவரை சென்று புதிய புரதங்களைச் செய்யச் சொல்வதால், பலன் தெரிய ஒரு மணி நேரமாவது ஆகும். (பள்ளியில் தவளை அறுத்துப் படித்த தாய்மார்களுக்குச் சிறுநீரகத்தின் மேல் ஓடும் மஞ்சள் பட்டை நினைவிருக்கலாம். அதுவே தவளையின் அட்ரினல். எங்களுக்குப் படம்தான்.) இந்த ஹார்மோனைப் பிரித்தெடுத்து 1953-ல் அறிவித்த குழுவில் முன்நின்றவர் சில்வியா சிம்சன் என்னும் பெண்மணி என்பதை அறிந்து மகிழ்ந்தோம். 1961-ல் கிராபே என்பவர் தேரையின் சிறுநீர்ப்பையைத் தனியே எடுத்து, அதன்மேல் ஆல்டோஸ்டீரோன் இட்டு, சோடியம் கடப்பு கூடுவதைக் காட்டினார்.

தவளையின் கதை நமக்கெதற்கு என்பீர்கள். நம் சிறுநீரகங்கள் நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டுகின்றன. அதில் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ உப்பு இருக்கிறது. பெரும்பகுதி தானே மீட்கப்படுகிறது. கடைசிச் சில சதவீதத்தை மீட்பதா, விடுவதா என்று முடிவு செய்வது ஆல்டோஸ்டீரோன். அங்கும் அதே குறுகிய வாசல், அதே பம்பு. தவளைத் தோலில் அந்த வாசலை அடைக்கும் அமிலோரைடு என்னும் மருந்து, மனிதருக்குச் சிறுநீர் பெருக்கும் மாத்திரையாகவும் பயன்படுகிறது.

இதை எழுதும்போது எங்களில் ஒருத்தியின் வீட்டில் நடந்ததைச் சொல்லாமலிருக்க முடியவில்லை. அவள் பாட்டிக்கு இரத்த அழுத்தம் ஏறியது, கால் வீங்கியது, பொட்டாசியம் குறைந்தது. ஊறுகாயையும் அப்பளத்தையும் நிறுத்தியும் பயனில்லை. "வேறென்ன சாப்பிடுகிறீர்கள் அம்மா?" என்று டாக்டர் துருவிக் கேட்டபோதுதான், இருமலுக்கென்று மாதக்கணக்கில் தினமும் அதிமதுரம் மென்றுவந்தது தெரிந்தது. ஆல்டோஸ்டீரோனின் பூட்டில் கார்டிசால் என்னும் இன்னொரு ஹார்மோனும் பொருந்தும். அது நெருங்காதபடி சிறுநீரகச் செல்லில் ஒரு நொதி காவல் இருக்கிறது. அதிமதுரத்தில் உள்ள பொருள் அந்தக் காவலாளியைச் செயலிழக்கச் செய்கிறது. உடனே சோடியமும் நீரும் தங்கும், பொட்டாசியம் வெளியேறும். என்றோ ஒருநாள் கஷாயத்தில் சேர்ப்பதை நாங்கள் குறை சொல்லவில்லை. பாட்டி அதை விட்டார். சில வாரங்களில் வீக்கம் வடிந்தது. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் அதிமதுரம் சாப்பிடுவதை மருத்துவரிடம் மறைக்க வேண்டாம்.

தவளைக்கோ இந்த வாசலே உயிர். உலகெங்கும் பல தவளையினங்களை அழித்த கைட்ரிட் என்னும் பூஞ்சை தோலில்தான் தொற்றுகிறது. நோயுற்ற ஆஸ்திரேலியப் பச்சை மரத்தவளைகளை ஆராய்ந்து 2009-ல் வெளியான முடிவின்படி, தோல் வழியே சோடியம் கடப்பது பாதிக்கு மேல் குறைந்திருந்தது. இரத்தத்தில் சோடியமும் பொட்டாசியமும் சரிந்து, முடிவில் இதயம் நின்றது. நம் மேற்குத் தொடர்ச்சி மலைத் தவளைகளிடமும் அந்தப் பூஞ்சை காணப்பட்டுள்ளது.