பிள்ளைக்கு விதை இறங்கவில்லை என்றால்



இந்த முறை நான் எழுதப்போகிற காரியத்தைச் சபைப் பத்திரிகையில் எழுதலாமா என்று சிலர் முகம் சுளிக்கலாம். தேவன் உண்டாக்கின சரீரத்தில் வெட்கப்பட வேண்டிய உறுப்பு ஒன்றுமில்லை. இதைப் பேசக் கூச்சப்பட்டுத்தான் அநேக வீடுகளில் ஆண்பிள்ளைகளுக்குக் காலம் கடந்துபோகிறது.

எங்கள் இளைய மகனுக்கு ஒன்பதாம் மாதத் தடுப்பூசி போடக் கொண்டுபோனபோது, நர்ஸம்மா அவனைத் தடவிப் பார்த்துவிட்டு, "வலது பக்கம் விதை இறங்கலையே, டாக்டர்கிட்ட காட்டுங்க" என்றார்கள். ஆவூருக்குத் திரும்பி வந்து சொன்னதும் என் தாயார், "ஆம்பளப் புள்ளைக்கு அது தானா இறங்கும்டா, பச்சப் புள்ளையப் போயி அறுக்கிறதா?" என்று அழுதார்கள். என் மனைவியோ, கிரகணத்தன்று வெளியே போனதால் வந்ததோ என்று தன்னையே நொந்துகொண்டாள். தாய்மாரே, கிரகணத்துக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது.

நடப்பது இதுதான். கர்ப்பத்தில் விதைகள் முதலில் சிசுவின் வயிற்றுக்குள்ளே, சிறுநீரகத்துக்குப் பக்கத்தில் உருவாகின்றன. கடைசி மாதங்களில் தொடையிடுக்கு வழியாகப் பைக்குள் இறங்கும். சிலருக்கு நடுவழியிலேயே நின்றுவிடுகிறது. நிறைமாதத்தில் பிறந்த ஆண்குழந்தைகளில் நூற்றுக்கு மூன்று பேருக்கு இப்படி இருக்கும். குறைமாதத்தில் பிறந்தவர்களுக்கு இன்னும் அதிகம். பெரும்பாலும் முதல் சில மாதங்களில் தானே இறங்கிவிடும், ஆகவே என் தாயார் சொன்னதிலும் பாதி உண்மை உண்டு. ஆனால் ஆறு மாதத்துக்குமேல் தானாக இறங்குவது அபூர்வம். அதனால்தான் ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வயதுக்குள் ஆப்பரேஷனை முடிக்கச் சொல்லுகிறார்கள்.

ஏன் அவசரம்? பைக்குள் சூடு உடம்பின் சூட்டைவிட இரண்டு முதல் நான்கு டிகிரி குறைவு. அந்தக் குளிர்ச்சி விதைக்குத் தேவை. வயிற்றுச் சூட்டிலேயே கிடந்தால் அது கெட்டுப்போகும், பிற்காலத்தில் பிள்ளைப்பேறு பாதிக்கும். இரண்டு பக்கமும் இறங்காமல் அப்படியே விட்டால் பாதிப்பு மிக அதிகம். வளர்ந்தபின் அதில் புற்றுநோய் வரும் வாய்ப்பும் மற்றவர்களைவிடக் கூடுதல். அது பலருக்கு வருவதில்லை, ஆனாலும் சிறு வயதிலேயே சரிசெய்தால் அந்த வாய்ப்பு குறைகிறது. ஊசி போட்டு இறக்குகிறோம் என்று யாராவது சொன்னால் நம்பிப் பணத்தைச் செலவழிக்காதீர்கள். இப்போது டாக்டர்கள் அதைச் சிபாரிசு செய்வதில்லை.

இன்னொரு வகை உண்டு. குளிரிலும் பயத்திலும் விதை மேலே ஏறிக்கொள்ளும், வெந்நீரில் குளிப்பாட்டினால் கீழே வந்துவிடும். இதற்குக் கத்தி வேண்டாம். வருஷத்துக்கு ஒரு முறை காட்டினால் போதும், ஏனென்றால் சிலருக்குப் பிற்பாடு மேலேயே தங்கிவிடுகிறது. இரண்டு பக்கமுமே கைக்குத் தட்டுப்படாவிட்டால் மட்டும் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம், வேறு பரிசோதனைகள் தேவைப்படும்.

ஜெபக்கூட்டத்தில் ஒருவர், "விசுவாசம் இருந்தா கத்தி எதுக்கு, பிரதர்?" என்று கேட்டார். ஏசாயா 38-ம் அதிகாரத்தை எடுத்து வாசியுங்கள் என்றேன். எசேக்கியா ராஜாவுக்கு ஆயுசைக் கூட்டிக்கொடுப்பதாகக் கர்த்தர் வாக்குக் கொடுத்தாயிற்று. ஆனாலும் அத்திப்பழ அடையைக் கட்டியின்மேல் வைத்துக் கட்டச் சொன்னார் தீர்க்கதரிசி. பவுலோடிருந்த லூக்காவும் வைத்தியன்தான். நாங்கள் உபவாசித்து ஜெபித்தோம், திருச்சி பெரியாஸ்பத்திரிக்கும் போனோம்.

உபவாசம் என்றதும் ஞாபகம் வருகிறது. பிள்ளையைப் பட்டினி போடுவதுதான் எங்களுக்குப் பெரிய பாடாயிருந்தது. மயக்க மருந்து கொடுக்குமுன் கஞ்சி, பிஸ்கட், மாட்டுப்பால் ஆறு மணி நேரம் கூடாது. தாய்ப்பால் நான்கு மணி நேரம். தண்ணீருக்கு டாக்டர் தனியாக நேரம் சொல்லுவார். "ஒரு வாய் பால் குடுத்தா என்னடா?" என்று அப்பத்தாமார் கேட்பார்கள். கொடுத்தால் மயக்கத்தில் வாந்தியாகி நுரையீரலுக்குள் போய்விடும், உயிருக்கே ஆபத்து. சளி, காய்ச்சல் இருந்தாலும் மறைக்காமல் சொல்லுங்கள், தேதியைத் தள்ளிவைப்பார்கள்.

தொடையிடுக்கில் ஒரு சின்ன வெட்டு, பையில் ஒன்று. விதையை மெதுவாக இறக்கிப் பைக்குள் நிறுத்தித் தைக்கிறார்கள். ஏறக்குறைய ஒரு மணி நேர வேலை. அநேகமாக அன்றைக்கோ மறுநாளோ வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். எங்கள் பிள்ளையை உள்ளே கொண்டுபோன அந்த ஒரு மணி நேரம் மட்டும் எனக்கு ராமுழுக்க ஜெபத்தைவிட நீளமாயிருந்தது. வெளியே வந்தவன் முதலில் கேட்டது பால்!

வீட்டில் கவனிக்க வேண்டியது: நம்ம ஊர் வழக்கப்படி கால்களை அகட்டி இடுப்பில் தூக்கிவைக்கக் கூடாது, இரண்டு மூன்று வாரம் கைகளில் ஏந்தித்தான் தூக்க வேண்டும். சைக்கிள், ஆடுகுதிரை, நடைவண்டி எல்லாம் ஒதுக்கி வையுங்கள். வீக்கமும் நீலம் பாய்வதும் சில நாளில் வடியும். காய்ச்சல், சீழ், விடாத வாந்தி என்றால் உடனே திரும்பப் போக வேண்டும்.

தையல் ஆறியதும் காரியம் முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். விதை இடத்தில் நிற்கிறதா, வளருகிறதா என்று சில மாதம் கழித்து மறுபடியும் காட்ட வேண்டும். பையன் வாலிபனானபின் கட்டி ஏதும் இருக்கிறதா என்று மாதம் ஒரு முறை தானே தடவிப் பார்க்க அவனுக்குத் தகப்பன்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். அதற்காக அந்த ஆஸ்பத்திரிச் சீட்டை எங்கள் வீட்டு வேதாகம உறைக்குள் பத்திரமாக வைத்திருக்கிறேன்.