அண்ணனுக்காகக் குற்றவியல் படிக்க வரும் பிள்ளைகளுக்கு

குற்றவியல் துறையில் புதிதாகச் சேரும் பிள்ளைகளிடம் 'ஏன் இந்தப் படிப்பு?' என்று கேட்டால், பெரும்பாலும் 'யூனிஃபார்ம் ஆசை சார்' என்றுதான் பதில் வரும். ஓரிருவர் மட்டும் வகுப்பில் மழுப்பிவிட்டு, எல்லோரும் போனபிறகு வந்து நிற்பார்கள். அண்ணன் கஞ்சா, அப்பா குடி, தம்பி மாத்திரையைக் கரைத்து ஊசி போட்டுக்கொள்கிறான். 'இதை விற்கிறவனை உள்ளே தள்ளணும் சார், அதான் வந்தேன்.' அப்படி வருகிறவர்களுக்கு நான் சொல்லிவருவதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். வந்த காரணம் நல்ல காரணம்தான். ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு இந்தத் துறையில் காலம் தள்ள முடியாது.

1. வீட்டுப் பொறுப்பைப் பிரித்துக் கொடுங்கள்

அண்ணனை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போவது, பணம் கேட்டு அவர் சண்டை போடும்போது குறுக்கே நிற்பது, அம்மாவைத் தேற்றுவது எல்லாமே உங்கள் தலையில் இருந்தால் முதல் செமஸ்டரே தாண்டாது. சித்தப்பாவோ அக்கா வீட்டுக்காரரோ ஒருவர் முன்நிற்கட்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் சிகிச்சை உண்டு. 14446 என்ற தேசிய உதவி எண்ணில் வழி கேட்கலாம். நிறுத்தியவர் மறுபடி தொடங்குவது இந்த நோயில் சகஜம். அவர் விழும் ஒவ்வொரு முறையும் உங்கள் படிப்பும் கூடவே விழ வேண்டியதில்லை.

2. எந்தப் படிப்பு எந்த வேலைக்கு என்று பார்த்துச் சேருங்கள்

குற்றவியல் முடித்தால் நேரே போலீஸ் என்று நினைத்துப் பலர் வருகிறார்கள். சப்-இன்ஸ்பெக்டர் தேர்வுக்கு ஏதாவது ஒரு பட்டம் போதும். அதைச் சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்துகிறது. அரசு உதவி வழக்கறிஞராக வாதாட ஆசையா? சட்டப் படிப்பும் ஐந்து ஆண்டு வக்கீல் அனுபவமும் வேண்டும். தேர்வு டிஎன்பிஎஸ்சி வழியாக. ஆய்வகத்தில் பொட்டலத்தைச் சோதிக்க ஆசையா? பிளஸ் டூவில் அறிவியல் எடுத்திருக்க வேண்டும்; அதற்கென்றே காந்திநகரில் தேசிய தடய அறிவியல் பல்கலைக்கழகம் இருக்கிறது. குற்றவியலை ஒரு துறையாகக் கற்கச் சென்னைப் பல்கலைக்கழகம், திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம், மும்பை டாடா சமூக அறிவியல் கழகம் உண்டு. அந்தப் படிப்பு நன்னடத்தை அலுவலர், சிறை நலப் பணி, குழந்தைகள் பாதுகாப்பு, ஆராய்ச்சி என்று பல பக்கம் திறக்கும். பிடிக்கிற வேலை, வாதாடுகிற வேலை, திருத்துகிற வேலை மூன்றும் வேறு வேறு. உங்கள் சுபாவம் எதற்கு ஒத்துவரும் என்று பாருங்கள். கோபத்தைக் கேட்டு முடிவெடுக்காதீர்கள்.

3. சட்டத்தைச் சட்டத்திலேயே படியுங்கள்

பேர் ஆக்ட் ஒன்று வாங்கி, பென்சிலோடு உட்காருங்கள். நீங்கள் அதிகம் புரட்டப்போவது 1985 நவம்பர் 14 முதல் நடைமுறையில் இருக்கும் போதைப்பொருள் சட்டம். கோர்ட்டில் எல்லோரும் என்.டி.பி.எஸ். என்பார்கள். பெயரைக் கேட்டாலே குடும்பங்கள் நடுங்கும் சட்டம் இது. அதற்குள்ளேயே சிகிச்சைக்கும் வாசல் இருக்கிறது. 27ஆம் பிரிவு உட்கொண்டவருக்கான தண்டனையைச் சொல்கிறது. 39ஆம் பிரிவு, அப்படிக் குற்றவாளி எனத் தீர்க்கப்பட்டவர் போதைக்கு அடிமையானவர் என்றால், உடனே தண்டிக்காமல், அவர் சம்மதத்தோடு சிகிச்சைக்கு அனுப்பக் கோர்ட்டை அனுமதிக்கிறது. 64ஏ பிரிவு, உட்கொண்டதாகவோ சிறு அளவு வைத்திருந்ததாகவோ குற்றம் சாட்டப்பட்ட அடிமையானவர் தானாக முன்வந்து சிகிச்சை எடுத்துக்கொண்டால் வழக்கிலிருந்து விலக்குத் தருகிறது. பாதியில் விட்டுவிட்டால் அந்த விலக்கை எடுத்துவிடலாம். இதெல்லாம் தெரியாமல் நகையை அடகு வைத்துவிட்டு நிற்கிற குடும்பங்கள் நிறைய. உங்கள் படிப்பின் முதல் பலன் அவர்களுக்குப் போகட்டும்.

இன்னொன்று. 2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டம், குற்றவியல் நடைமுறைச் சட்டம், சாட்சியச் சட்டம் மூன்றின் இடத்திலும் புதிய சட்டங்கள் வந்துவிட்டன. சீனியரிடம் வாங்கிய பழைய நோட்டை நம்பிப் பரீட்சைக்குப் போகாதீர்கள். அதற்காகப் பழைய பிரிவு எண்களை மறந்துவிடவும் வேண்டாம். பழைய வழக்குகள் இன்னும் நடக்கின்றன.

4. மகஜரை வரிவரியாகப் படியுங்கள்

ஒரு கஞ்சா கேஸ் கட்டை எடுத்துக்கொள்வோம். எஃப்ஐஆர், கைப்பற்றுதல் மகஜர், ஆய்வக அறிக்கை. மகஜரில் 'ஒரு கிலோ நூறு கிராம்' என்றிருக்கிறது. கஞ்சாவில் ஒரு கிலோவுக்குக் குறைந்தால் சிறு அளவு; தண்டனை அதிகபட்சம் ஓராண்டு. அதைத் தாண்டினால் பத்தாண்டு வரை போகும். 20 கிலோவுக்கு மேல் போனால் வணிக அளவு. குறைந்தபட்சமே பத்தாண்டு, ஜாமீனும் லேசில் கிடைக்காது. இப்போது கேளுங்கள்: எடை போட்டது பையோடா, பை இல்லாமலா? சட்டப்படி கஞ்சா என்பது செடியின் பூ, காய்த்த நுனிப்பகுதி; அந்த நுனியோடு சேராத விதையும் இலையும் கணக்கில் வராது. இங்கே எடை போட்டதில் என்னென்ன இருந்தது? தராசு யாருடையது? ஒரு பையனின் ஒன்பதாண்டு இந்த நூறு கிராமில் தொங்குகிறது.

ஆளைச் சோதனை போடுமுன், கெசட்டட் அதிகாரி அல்லது மாஜிஸ்திரேட் முன்னிலையில் சோதிக்கக் கேட்கும் உரிமை அவருக்கு உண்டு என்று சொல்ல வேண்டும். அது 50ஆம் பிரிவு. சொல்லாமல் விட்டால் கைப்பற்றியதே சந்தேகத்துக்குள்ளாகி, தண்டனை நிற்காது என்று 1999இல் பல்தேவ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு சொன்னது. 2020இல் நம் மாநிலத்திலிருந்து போன தூஃபான் சிங் வழக்கில், இந்தச் சட்டத்தின் கீழ் விசாரிக்கும் அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலத்தைக் குற்ற ஒப்புதலாக ஏற்க முடியாது என்று பெரும்பான்மைத் தீர்ப்பு வந்தது. 'விற்கிறவனுக்கு இவ்வளவு சலுகையா?' என்று உங்களுக்கு ஆத்திரம் வரும். விற்கிறவன் வெளியே வருவது பெரும்பாலும் நடைமுறையில் விட்ட ஓட்டை வழியாகத்தான். அவனை உள்ளே வைக்க ஆசைப்படுகிறவர்தான் இதை எல்லோரையும்விட நன்றாகக் கற்க வேண்டும்.

5. அண்ணனை ஆய்வுக் கட்டுரை ஆக்காதீர்கள்

வகுப்பில் எவ்வளவு சொல்வது என்பது உங்கள் இஷ்டம். ஆனால் அது அவருடைய கதையும்கூட. அவர் சம்மதமில்லாமல் கருத்தரங்க மேடைக்குக் கொண்டுபோக உங்களுக்கு உரிமை கிடையாது. ஆய்வுக்குத் தலைப்பு எடுக்கும்போது ஓரடி தள்ளியே எடுங்கள். குழந்தைகளைப் பொட்டலம் கடத்தப் பயன்படுத்துவதற்கு எதிரான இளைஞர் நீதிச் சட்டத்தின் 78ஆம் பிரிவு நடைமுறையில் எப்படி இருக்கிறது என்று பார்க்கலாம். ரிமாண்டில் இருக்கிறவரின் மனைவி குடும்பத்தை எப்படி ஓட்டுகிறார் என்று கேட்கலாம். களப்பணிக்குச் சொந்த ஊர் ஸ்டேஷனும் வேண்டாம்.

6. வீட்டில் பொட்டலம் இருக்க விடாதீர்கள்

இதைக் கடுமையாகவே சொல்கிறேன். தன் பொறுப்பில் உள்ள இடத்தைத் தெரிந்தே இந்தக் குற்றத்துக்கு விடுகிறவருக்கும் அதே தண்டனை என்கிறது 25ஆம் பிரிவு. அண்ணன் பீரோவில் வைப்பதை அம்மா பார்த்தும் பேசாமல் இருந்தால் சிக்குவது அம்மாவும்தான். அவருக்காக எதையும் வாங்கி வராதீர்கள், வைத்திருக்காதீர்கள், அவர் வண்டியை இரவல் கேட்காதீர்கள். தமிழ்நாடு காவல் பணி விதிகளில், சந்தேகத்தின் பலனில் விடுதலையானவரும் வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதப்படுவார். ஒரு எஃப்ஐஆரில் உங்கள் பெயர் ஏறிவிட்டால் அது லேசில் போகாது. அண்ணன் மேல் இருக்கும் வழக்கு வேறு, உங்கள் மேல் இருப்பது வேறு. வெரிஃபிகேஷன் படிவத்தில் கேட்டதற்கு உண்மையை எழுதுங்கள். வழக்கைவிட, மறைத்ததற்காக வேலை போனவர்கள் உண்டு.

7. போலீஸ்தான் வழி என்று நினைக்காதீர்கள்

சென்னை இந்திரா நகரில் டி.டி.கே. மருத்துவமனை இருக்கிறது. குடிநோய்க்குக் கணவரைப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கியது. அவர் துக்கத்தோடு நிற்காமல் முறையாகப் பயிற்சி எடுத்துக்கொண்டு வந்தார். நோயாளியோடு குடும்பத்துக்கும் சிகிச்சை வேண்டும் என்பது அங்கே நடைமுறை. 1992இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. எத்தனையோ கைதுகளால் ஆகாத வேலை அங்கே நடந்திருக்கிறது.

8. 'உள்ளே போட்டு நாலு தட்டு தட்டுங்க' என்பவர்களுக்குத் தலையாட்டாதீர்கள்

நீங்கள் வேலைக்கு வந்ததும் முதலில் வரும் சிபாரிசு இதுவாகத்தான் இருக்கும். பெற்ற தாயே கேட்பார். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் மது, போதைப்பொருளால் வரும் மனநிலைப் பாதிப்பையும் மனநோய் என்ற வரையறைக்குள் வைத்திருக்கிறது. ஆகவே கட்டிப்போட்டு அடிக்கும் மறுவாழ்வு மையம் சட்டத்துக்குப் புறம்பானது. அந்தத் தாயிடம் கோபப்படாமல், வேறு என்ன வழி என்று உட்காரவைத்துச் சொல்லுங்கள்.

9. உங்களையும் கவனியுங்கள்

இந்த வேலையில் சாயந்திரமானால் 'ஒரு ரவுண்டு' கூப்பிட ஆள் இருக்கும். போதை ஓடும் குடும்பத்தில் பிறந்தவருக்கு ஆபத்து மற்றவரைவிடக் கூடுதல். வேண்டாம் என்று சொல்ல முதல் நாளிலேயே பழகிக்கொள்ளுங்கள். தூக்கம் கெட்டால் கவுன்சிலரிடம் போங்கள்; வெட்கப்பட அதில் ஒன்றுமில்லை.

10. மாதம் ஒரு நாள் கோர்ட்டில் போய் உட்காருங்கள்

வழக்குகள் திறந்த கோர்ட்டில்தான் நடக்கின்றன. ஓரமாக உட்கார்ந்து கவனிக்க யாரும் தடுக்கமாட்டார்கள். வராண்டாவையும் பாருங்கள். ரிமாண்டு நீட்டிப்புக்கு வந்த பையனிடம் ஒரு வார்த்தை பேச, எஸ்கார்ட் போலீஸ்காரரைக் கெஞ்சிக்கொண்டிருப்பார் ஒரு அக்கா. மனு போட்டு ஜெயிலில் பார்க்க ஒருநாள் கூலி போகும் என்பதால் இங்கே வந்திருப்பார். அந்தப் பையன் விற்றவனாகவும் இருக்கலாம், விற்கத் தள்ளப்பட்டவனாகவும் இருக்கலாம். பெரும்பாலும் பொட்டலம் சுமந்தவன்தான், முதலாளி அங்கே நிற்கமாட்டார். உங்கள் வீட்டுக்கு நடந்ததுதான் அந்த வீட்டிலும் நடந்திருக்கிறது. அவன் கேஸ் கட்டை நாளை நீங்கள் கையில் எடுக்கும்போது, உங்கள் அண்ணன் கட்டை இன்னொருவர் எப்படி எடுக்க வேண்டும் என்று ஆசைப்படுவீர்களோ, அப்படி எடுங்கள். தீர்ப்பு நாளில் கூட்டம் இருக்கும். வாய்தா நாளில் போங்கள், கற்றுக்கொள்ள அன்றுதான் நிறைய இருக்கிறது.