லீவுல டூர் போகலாமா?

ஜெர்மனியில் ரைன் நதிக்கரையில் கொலோன் என்று ஓர் ஊர். அங்குள்ள 157 மீட்டர் உயர தேவாலயக் கோபுரங்களைப் பார்க்க, சனி ஞாயிறு வந்தால் நண்பர்கள் கூட்டம் கூட்டமாக வருவார்கள். 1248-இல் கட்டத் தொடங்கியது. 16-ஆம் நூற்றாண்டில் வேலை நின்றுபோனது. பாதிக் கோபுரத்தின் மேலே பழைய மரக் கிரேன் 300 வருஷத்துக்கு மேல் அப்படியே நின்றதாம்! 1842-இல் மறுபடி ஆரம்பித்து 1880-இல் முடித்தார்கள்.

இதே கதை நம்ம ஊர்லயும் இருக்கு! ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் பல நூறு வருஷம் வெறும் அடிப்பகுதியாகவே நின்றது. அப்போது அதன் பெயர் ராயகோபுரம். 1979-இல் வேலை தொடங்கி, 25.3.1987-இல் கும்பாபிஷேகம் நடந்தது. 13 நிலைகள், 236 அடி உயரம்!

எப்படிப் பார்ப்பது?
1. வெயிலுக்கு முன்னாடி மலைக்கோட்டை ஏறுங்க. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் ஸ்ரீரங்கம் தீவாகத் தெரியும்.
2. இறங்கி 1-ஆம் நம்பர் பஸ்ஸில் ஸ்ரீரங்கம் போங்க.
3. கோபுரத்தில் பழைய கருங்கல் வேலை எங்கே முடிகிறது, புதுசு எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிங்க.
4. கல்லில் பெயர் கிறுக்காதீங்க!

தொடங்கியவர்கள் யாரும் முடிந்ததைப் பார்க்கவில்லை. ஆனால் அவர்கள் போட்ட அடித்தளத்தின் மேல்தான் மீதி எழுந்தது.

வீட்டுப்பாடம்: மொட்டையாக நின்ற கோபுரத்தை நேரில் பார்த்த தாத்தா, பாட்டி நம் வீடுகளில் இன்னும் இருக்காங்க. இப்பவே கேட்டு எழுதிட்டு வாங்க, இந்தப் பலகையில் ஒட்டலாம்.

– 9-ஆம் வகுப்பு ‘ஆ’ பிரிவு